அண்ணிக்கு, ஒகேனக்கல் போகும் முன்

அன்புள்ள அண்ணி,

ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகளோடு ஒகேனக்கல் போய்வரலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நாள் மட்டும் வேண்டாம் அண்ணி. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வெளியூரிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற யாரிடமும் இதையேதான் சொல்லுவேன் என்பதால், எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

ஒகேனக்கல்லில் விழுவது ஏதோ ஒரு மலையோடை இல்லை, காவிரி ஆறே விழுகிறது. அகலமாக வந்துகொண்டிருக்கும் ஆறு, பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஓரிடத்தில் குதித்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேட்டூர்ப் பக்கம் போகிறது. அதனால் இங்கே வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கர்நாடகத்து அணைகளான கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, அங்கே மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் ஓரிரு நாளில் இங்கே வந்து நிற்கும். தருமபுரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே அருவியில் செந்நிற வெள்ளம் புரளும். தென்மேற்குப் பருவமழை பலக்கும் ஆடி மாதம்தான் அதற்குச் சரியான காலம்.

பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. மழைக்காலத்தில் 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி' என்று செய்தியில் தினமும் வரும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னதே, அந்தக் கணக்கும் பிலிகுண்டுலுவில்தான் பார்க்கப்படுகிறது. இரண்டு மாநிலங்கள் கண் வைத்திருக்கும் அதே எண்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்குப் பரிசலில் ஏறுவார்களா இல்லையா என்பதையும் தீர்மானிக்கிறது. சில ஆயிரம் கன அடி என்றால் கவலையில்லை. பதினாயிரங்களில் ஏறினால், குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் மழைக்காலத்தில் அது லட்சம் கன அடியைத் தாண்டியது. அவ்வளவு தண்ணீர் வந்தால் பாறைகள் மூழ்கிவிடும், அருவி எது ஆறு எது என்றே தெரியாது. தூரத்தில் நின்று பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பரிசலுக்காகவே வருகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆடிப்பெருக்குக்கு வருகிற கூட்டத்தில் அம்மாவை நிற்கவைக்கவும் முடியாது.

தை மாதம் வாருங்கள். பொங்கல் கூட்டம் வடியட்டும். அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் போதும். அப்போது தண்ணீர் பெரும்பாலும் தெளிந்து, அடங்கி இருக்கும். பாறைகள் வெளியே தெரியும். வெயிலும் சுடாது.

முதல் நாள் இரவே நம் வீட்டுக்கு வந்து தங்கிவிடுங்கள். இங்கே தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. யானை கடக்கும் பாதை அது. வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறேன் என்று அண்ணன் ஆரம்பித்தால் நீங்கள்தான் தடுக்க வேண்டும். 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தது, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த ஆற்றை ஒட்டிய காடுகளைத்தான். குரங்குகளுக்குத் தின்ன எதுவும் கொடுக்கவும் வேண்டாம், பையைத் திறந்து வைக்கவும் வேண்டாம்.

காலையிலேயே போய்ச் சேர்ந்தால் முதல் வேலை பரிசல். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் நீர் புகாமல் மூடித் தார் பூசியிருப்பார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரே ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு பரிசல்காரர் அதை நேராக ஓட்டுவதைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வட்டமான ஒன்றைத் தண்ணீரில் நேராகக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய வித்தை என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு பக்கமும் சுவராக எழும் பாறைகளுக்கு இடையில் போகும்போது, மேலே கிளைகளாக விழும் அருவிகளின் சாரல் முகத்தில் அடிக்கும். அமைதியான இடம் வந்ததும் பரிசலைச் சுழற்றிக் காட்டுவார், பிள்ளைகள் கத்தித் தீர்ப்பார்கள். பரிசல் துறையில் சீட்டு வாங்கித்தான் ஏற வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை நீங்களே இழுத்துப் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குத் தொளதொளவென்று இருந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்கிறார்களோ அத்தனை பேர்தான், 'மடியில் உட்காரவைத்துக்கொள்கிறேன்' என்ற பேச்சே கூடாது. தடை போட்ட நாட்களில் இவர்களுக்கு வருமானமே கிடையாது, அதனால் சீட்டுக்கு மேலே மனமாரக் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, பரிசலுக்குள் குனிந்து உட்கார முடியாது. நான் அவரோடு கரையில் இருக்கிறேன். தொங்கு பாலத்தின் மேல் மெல்ல நடந்தால் அவருக்கும் அருவி தெரியும். அண்ணன் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ள ஆசைப்படுவார், செய்துகொள்ளட்டும். தேய்த்துத் தட்டி உருட்டி எடுத்த பிறகு அருவியில் தலையைக் கொடுத்தால் உடம்பு காற்றில் மிதக்கும்.

குளிப்பது மட்டும் அனுமதித்த இடத்தில்தான். இதில் நான் கறாராக இருப்பேன். பாறையில் பாசி படிந்திருக்கும். தண்ணீர் கற்களை உருட்டி உருட்டிக் குடைந்த வட்டக் குழிகள் அங்கங்கே இருக்கும், மேலே அசைவே தெரியாத இடத்தில் அடியில் சுழல் இழுக்கும். ஆற்றில் முதலையும் உண்டு. செல்ஃபிக்காகப் பாறை விளிம்புக்குப் போனவர்களைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் இறங்கிய செய்தியை இந்த ஊர் பல முறை கேட்டிருக்கிறது.

முதலையைப் பத்திரமாகப் பார்க்க வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் இருக்கிறது. குளித்து முடித்துப் பிள்ளைகள் களைத்திருக்கும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும். அசையாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்த்து 'பொம்மையா?' என்று கேட்பார்கள். வாயைத் திறந்துவைத்து உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள். மீன் காட்சியகம், சிறுவர் பூங்கா எல்லாம் இருக்கின்றன, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டாம் அண்ணி. ஆற்று மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலும் செய்துதரும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கைமணம் நம் வீட்டு அடுப்பில் வராது. முள் குறைந்த மீனாகக் கேட்டு வாங்குவோம், சின்னவன் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்வான். குளிக்கப் போகும்போதே சொல்லிவிட்டால் பசியோடு வரும்போது தயாராக இருக்கும்.

பெரியவள் கல் சேர்க்கிறாள் என்று சொன்னீர்கள் அல்லவா? இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அரிய பாறை இருக்கிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயது என்று புவியியல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். எடுத்துவர வேண்டாம், தொட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியுமாக வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகுதான் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் காவிரித் தண்ணீர் குழாய்க்கு வந்தது. நம் வீட்டில் அவள் குடிக்கும் தண்ணீர் இந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று அங்கேயே நின்று சொல்லப் போகிறேன். பிளாஸ்டிக் பாட்டிலை ஏன் ஆற்றில் போடக்கூடாது என்பதற்கு அதன்பிறகு நான் காரணம் தேட வேண்டியதில்லை.

திரும்பும்போது இருட்டுவதற்குள் மலைச்சாலையை ஏறிவிட வேண்டும், நாலரை மணிக்குக் கிளம்பிவிடலாம். மாற்றுடை ஆளுக்கு இரண்டு செட், வழுக்காத செருப்பு, அம்மாவின் மாத்திரை இவை மட்டும் மறக்காதீர்கள். அண்ணனிடம் கேட்டுத் தேதியைச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து பிலிகுண்டுலு நிலவரத்தைக் கேட்டுத் தினமும் காலையில் உங்களுக்கு அனுப்புகிறேன். ஏறுகிற மாதிரி தெரிந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்போம், டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்