உங்கள் அசல் மடலைத்தான் தடுத்து வைத்திருக்கிறேன்

வங்கி, காப்பீடு, கூரியர், தொலைபேசி நிறுவனங்களில் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் பிரிவுகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓர் அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற மடல்களில் எது உள்ளே போகலாம், எது வாசலிலேயே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வடிகட்டி என் பொறுப்பில் இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவருடைய மடல் அதில் சிக்கிக்கொண்டது. முறையான அறிவிப்பை உங்கள் சர்வர் ஏன் தடுக்கிறது என்று சற்றுக் காட்டமாகவே கேட்டிருந்தீர்கள். கேட்ட நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வீர்கள்.

அந்த மடல் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்புநர் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர். பெயரை விரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த முகவரி உங்களுக்காக மொத்தமாக மடல் அனுப்பித்தரும் ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி). 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடக்கம். 48 மணி நேரத்துக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே 'இங்கே அழுத்தவும்' என்று ஒரு லிங்க். எங்கே கொண்டுபோய் விடும் என்று ஊகிக்க முடியாதபடி சுருக்கப்பட்ட முகவரி அது. கூடவே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு கோப்பு. திறக்கும் சாவி உங்கள் பிறந்த தேதி என்று அதே மடலில் விளக்கமும் இருந்தது.

(லிங்க், அட்டாச்மென்ட் இரண்டையும் தமிழில் 'இணைப்பு' என்றே எழுதிவிடுகிறோம். ஆபத்து இரண்டிலும் இருப்பதால் பெரிய பாதகமில்லை. ஆனாலும் குழப்பம் வேண்டாம் என்று இங்கே லிங்க் என்றும் கோப்பு என்றும் பிரித்தே எழுதுகிறேன்.)

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் போலி மடலை அடையாளம் காண ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது என் வழக்கம். அதில் நான் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் இந்த ஒரே மடலில் இருந்தன. எழுத்துப்பிழை மட்டும்தான் இல்லை. அது இப்போது போலிகளிலும் இருப்பதில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். அனுப்புநர் முகவரியைப் படிக்கச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். "சார், அது எங்கள் மடல் இல்லை. எதையும் அழுத்தாதீர்கள், உடனே அழித்துவிடுங்கள்" என்றார். மிகச் சரியான பதில். நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் கழித்து உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் வந்தது: மடல் அசல்தான்.

உங்கள் மடல் உங்கள் ஆளுக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படியிருக்க, வாடிக்கையாளர் எதைப் பார்த்து அசல் என்று நம்ப வேண்டும் என்கிறீர்கள்?

போலி மடல்களிடம் ஏமாறாதீர்கள் என்று மாதம் ஒருமுறை நீங்களே எங்களுக்கு எழுதுகிறீர்கள். லிங்க்கை அழுத்தாதீர்கள் என்று எச்சரிக்கும் அந்த மடலின் கடைசி வரி, 'மேலும் அறிய இங்கே அழுத்தவும்'. ஊருக்குத்தான் உபதேசம். வருடம் முழுக்க அசல் மடல்களால் எங்கள் விரலைப் பழக்குகிறீர்கள். பழகிய விரல் ஒரு நாள் தவறான இடத்தில் அழுத்திவிட்டால், 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று எழுதிப் புகாரை மூடிவிடுகிறீர்கள்.

போலி எழுதுவது இவ்வளவு சுலபமாக இருப்பதற்கு நீங்கள் காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்னஞ்சலை எடுத்துச்செல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை 1982இல் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதியபோது, வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். ஒருவரையொருவர் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா? அதே நிலைதான் இங்கும். என்ன எழுதியிருந்தாலும் சர்வர் நம்பி வாங்கிக்கொள்ளும். அதற்கும் முன்பே, 1978 மே மாதத்தில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவராவது தான் யார் என்பதை மறைக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வழி வந்து வெகு காலமாகிவிட்டது. என் பெயரில் மடல் அனுப்பும் உரிமை இந்த சர்வர்களுக்கு மட்டுமே என்று ஊரறிய அறிவிப்பது எஸ்.பி.எஃப். வழியில் யாராவது மடலில் கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் கையொப்பம் டி.கே.ஐ.எம். இந்த இரண்டில் ஒன்றில்கூடத் தேறாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிற சர்வருக்குச் சொல்லிவைப்பது டிமார்க். 2015க்குள் மூன்றும் ஆவணமாக வெளிவந்துவிட்டன. டிமார்க்கில் மூன்று உத்தரவுகள் உண்டு: ஒன்றும் செய்யாதே, ஓரமாக வை, ஏற்காதே. ஒரு டொமைன் எந்த உத்தரவைப் போட்டிருக்கிறது என்பது யாரும் பார்க்கக்கூடிய பொதுத் தகவல்தான். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, எங்களுக்கு அடிக்கடி மடல் அனுப்பும் நிறுவனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல இன்னும் முதல் உத்தரவிலேயே நிற்கின்றன. திருடன் வந்தால் பேரேட்டில் குறித்துக்கொண்டு உள்ளே அனுப்பிவிடு என்று காவலாளியிடம் சொல்லிவைத்த கதை.

முதல் உத்தரவு ஒத்திகைக்காக ஏற்பட்டது. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கத் தொடங்கின. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர், குப்பை என்று வரும் புகார்களை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்றார்கள். பல வருடம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல்லப்பட்ட வேலையை உங்களில் சிலர் அவசர அவசரமாகச் செய்து முடித்தீர்கள். ஆனால் டிமார்க்கில் அவர்கள் குறைந்தபட்சமாகக் கேட்டது அந்த ஒத்திகை உத்தரவைத்தான். கேட்டதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

மூன்றாம் உத்தரவைப் போட்டாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வாங்கிய டொமைனை டிமார்க் தடுக்காது. உண்மையான ஆளின் மெயில் பெட்டிக்குள்ளேயே புகுந்துவிட்டவனையும் அது கேள்வி கேட்காது. இந்த இரண்டாவது வகையை நான் மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருக்கிறார். எந்தத் தொகையையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். சில வருடங்களுக்கு முன், அவர் வெளி நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய மடலுக்குப் பதில் வந்தது. அதே தலைப்பு. கீழே அவர் முந்தைய வாரம் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. மேலே ஒரு வரி மட்டும் புதிது: 'கோப்பைப் பார்க்கவும்.' வேர்டு கோப்பு. திறந்ததும், 'இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது, படிக்க மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்' என்று ஒரு படம். மேலே மஞ்சள் பட்டையில் 'உள்ளடக்கத்தை இயக்கு' என்ற பொத்தான். அழுத்தினார். எதுவும் வரவில்லை. மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை வெளியிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகத் தொலைபேசி அழைப்புகள். 'உங்கள் கணக்குப் பிரிவு அனுப்பிய கோப்பு எங்களுக்குத் திறக்கவில்லையே?' என்று கேட்டார்கள். திறந்துதான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

உள்ளே புகுந்திருந்தது எமோடெட் என்ற வைரஸ். 2014இல் வங்கிக் கணக்கு திருடும் நிரலாகத் தலைகாட்டி, பிறகு பிடித்த மெயில் பெட்டிகளில் இருந்த பழைய உரையாடல்களைத் திருடி அவற்றுக்கே பதில் எழுதும் அளவுக்கு வளர்ந்தது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறையினர் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். அதே வருடம் நவம்பரில் மறுபடியும் முளைத்துவிட்டது.

விசாரணை என்று உட்கார்ந்தபோது, மஞ்சள் பட்டையை ஏன் அழுத்தினீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டார்கள். "மாதாந்திர அறிக்கைக் கோப்பைத் திறக்கும்போதும் அதைத்தானே அழுத்துகிறேன்?" என்றார்.

அந்த அறிக்கைக் கோப்பில் மேக்ரோ, அதாவது அந்தப் பொத்தானை அழுத்தினால் கோப்புக்குள்ளேயே இயங்கும் சிறு நிரல், எழுதி வைத்திருந்தவன் நான். கூட்டல்களைத் தானாகப் போடும், அவருக்கு அரை நாள் வேலை மிச்சம் என்று பெருமையாகக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லி அவர் விரலைப் பழக்கியவன் நான்தான். விழிப்புணர்வு வகுப்புக்கு அவரை அனுப்பினார்கள். வகுப்பை எடுத்தவனும் நானே. அன்று அவர் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த வாரமே மேக்ரோ இல்லாமல் அறிக்கையை மாற்றி எழுதினேன்.

ஆகவே உங்களிடம் சொல்கிற குற்றச்சாட்டை முதலில் எனக்கே சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

'அறிமுகம் இல்லாதவர்களின் மடலைத் திறக்காதீர்கள்' என்ற அறிவுரையை இன்னும் அச்சடித்து ஒட்டுகிறீர்கள். 1999 மார்ச்சில் மெலிசா என்ற மின்னஞ்சல் வைரஸ் வந்தபோதே அது காலாவதியாகிவிட்டது. மெலிசா, பாதிக்கப்பட்டவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. வாங்கியவர்களுக்கு அது தெரிந்தவரின் மடல். அடுத்த வருடம் மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதமாக வந்தது. அந்தக் கோப்பின் பெயர் 'டாட் டி.எக்ஸ்.டி. டாட் வி.பி.எஸ்.' என்று முடிந்தது. கடைசியில் இருந்த வி.பி.எஸ். என்பதுதான் அது கடிதமல்ல, இயங்கும் நிரல் என்பதற்கு ஒரே அடையாளம். தெரிந்த வகைக் கோப்புகளின் வால்பெயரை மறைத்துக் காட்டுவது, நாமாக மாற்றாதவரை, விண்டோஸின் இயல்பு அமைப்பாக இருந்தது. பயனர் பார்த்திருக்க வேண்டிய ஒரே எச்சரிக்கையை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாரோ முன்பே மறைத்துவிட்டார்கள். அழுத்தியவர்களைத்தான் அப்போதும் முட்டாள் என்றோம்.

இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ இயல்பாகவே இயங்காது என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது 2022இல். மெலிசாவுக்கு 23 வருடங்கள் கழித்து. அதன்பின் அந்த வழியாக வரும் வைரஸ்கள் வெகுவாகக் குறைந்தன. திருடர்கள் வட்டு நகல் கோப்பு, குறுக்குவழிக் கோப்பு, ஒன்நோட் கோப்பு என்று வேறு கதவுகளைத் தேடி ஓடினார்கள். அவர்களை ஓட வைத்தது ஓர் இயல்பு அமைப்பு. நான் எடுத்த வகுப்புகள் அல்ல.

அந்த மாதிரி அமைப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளர் கையில் இருப்பது விரல் மட்டும்.

எனவே தயவுசெய்து உங்கள் சொந்த டொமைனிலிருந்தே அனுப்புங்கள். இடையில் வேறு நிறுவனம் அனுப்பிக் கொடுத்தாலும் உங்கள் டொமைனில், உங்கள் கையொப்பத்தோடு அனுப்ப வழி இருக்கிறது. அது ஒரு நாள் வேலை. முகவரியைச் சுருக்காதீர்கள். அவசரம் என்றால் லிங்க் கொடுக்காமல், 'வழக்கமாக நுழையும் வழியில் நீங்களே நுழைந்து பாருங்கள், அங்கே அறிவிப்பு இருக்கிறது' என்று எழுதுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டால், லிங்க்கோடு வருகிற மடல் எல்லாமே போலி என்று குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பூட்டிய கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பாதுகாப்பு என்றே நீங்கள் நம்புகிறீர்கள். பூட்டிய கோப்புக்குள் என் வைரஸ் சோதனை மென்பொருளால் எட்டிப்பார்க்க முடியாது. எமோடெட் கூட்டமும் இதே காரணத்துக்காகத்தான் ஜிப் கோப்பைப் பூட்டி, கடவுச்சொல்லை மடலிலேயே எழுதி அனுப்பியது. நீங்கள் அனுப்பும் பூட்டிய கோப்பு, பூட்டிய கோப்புகள் வருவது சகஜம்தான் என்று பழக்கிவிடுகிறது. பூட்டாவது உறுதியா என்றால் அதுவும் இல்லை. நூறு வருடத்துப் பிறந்த தேதிகள் அத்தனையையும் எண்ணினாலும் 36,525தான். ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் போட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஆக, திருடனைத் தடுக்காத பூட்டு, காவலாளியை மட்டும் தடுக்கிறது.

ஊழியர்களைச் சோதிக்கப் பொய் மடல் அனுப்பும் பழக்கத்தையும் சற்று யோசியுங்கள். 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், டொமைன் விற்கும் கோடாடி நிறுவனம் 650 டாலர் விடுமுறை போனஸ் என்று தன் ஊழியர்களுக்கே சோதனை மடல் அனுப்பிப் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்த நேரத்தில் போனஸ் மடலை யார்தான் திறக்க மாட்டார்கள்?

இன்னொன்று. சந்தேக மடலை உங்களுக்குத் தெரிவிக்கலாம் என்று திருப்பி அனுப்பினால், 'இந்த முகவரி கண்காணிக்கப்படுவதில்லை' என்று தானியங்கிப் பதில் வருகிறது. ஒரு மனிதர் படிக்கும் முகவரி ஒன்றை வையுங்கள். இன்று எந்தெந்த மடல்கள் வெளியே போயின என்ற பட்டியலை வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களின் திரையில் காட்டுங்கள். என்னிடம் பேசிய அந்தப் பெண் திறமையானவர். அவரிடம் பட்டியல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் விடுவிக்கக் கேட்ட மடல் இன்னும் என்னிடம் தடுப்பில்தான் இருக்கிறது. அதில் இருப்பவை 30 நாள் கழிந்தால் தானாக அழிந்துவிடும். இன்று 22ஆம் நாள். உங்கள் டொமைனிலிருந்து, லிங்க்கும் பூட்டிய கோப்பும் இல்லாமல், அதே செய்தியை மறுபடி அனுப்புங்கள். என்னைக் கேட்காமலே அது உள்ளே போய்விடும்.

இப்படிக்கு,
மேக்ரோ எழுதிய கை