அம்மா கொடிகாமத்தில், சுகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், கம்பஸ் பிள்ளைகள் விடிந்தால் பொழுதுபட்டால் வட்ஸ்அப்பில் ஸ்ரேற்றஸ் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், இது கைபேசி கொண்டுவந்த புது வருத்தம், இவர்கள் சாப்பிட்டதும் படுத்ததும் ஊருக்கு எதற்கு என்று கோபத்தோடு எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் இது புதிதும் இல்லை, வருத்தமும் இல்லை. முப்பது வருசத்துக்கு முன்னர் இதே வேலையை நாங்களும் செய்தோம், கைபேசி இல்லாமலே.

நான் கோண்டாவிலில் பிறந்து 1989இல் கனடாவுக்குப் போனவன். 1993இல் இருந்து நாலு வருசம் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன். நிலத்துக்குக் கீழே ஒரு பெரிய அறை, வரிசையாகத் திரைகள், எல்லாம் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரே இயந்திரத்தோடு இணைந்தவை. ‘பிங்கர்’ என்று அடித்து ஒருவருடைய பெயரைக் கொடுத்தால், அவர் இப்போது உள்ளே இருக்கிறாரா, எத்தனை நிமிடமாக விசைப்பலகையைத் தொடவில்லை, கடைசியாக எப்போது மெயில் வாசித்தார் என்று காட்டும். அதற்குக் கீழே ‘பிளான்’ என்று ஒரு சொல், அதன் கீழே அவர் தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்தது எதுவோ அது வரும். ஒன்றும் எழுதாதவருக்கு ‘நோ பிளான்’ என்று வரும். அந்தக் கோப்பின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணமாகப் பட்டியலில் தெரியாது. ஒளித்து வைத்த கோப்பு, ஆனால் யார் கேட்டாலும் காட்டும் கோப்பு. அது எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

இதைத் தொடக்கியவர் லெஸ் எர்னெஸ்ட். 1971 அளவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை ஆட்கள் திரையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் அந்த நிரலை எழுதி, விரல் என்றே பெயரும் வைத்தார். அப்புறம் ஆட்கள், நான் இடத்தில் இல்லாவிட்டால் எங்கே போனேன், எப்போது வருவேன் என்று சொல்லி வைக்க ஒரு வழி வேண்டும் என்று கேட்க, பிளான் கோப்பு வந்தது. அதாவது அது பிறந்ததே, தன்னைத் தேடி வருபவர் ஏமாந்து திரும்பக்கூடாது என்பதற்காக. 1977இல் வலையமைப்பு ஊடாக வேறு இடத்துக் கணினியில் இருப்பவரையும் கேட்கும்படி அதற்கு ஒழுங்குமுறை எழுதப்பட்டது. பிறகு மாணவர் கைக்குப் போனதும் கவிதை, கணக்கு, காதல், பரீட்சைத் திகதி என்று எல்லாம் அதற்குள் வந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோக் மெசினையே பிங்கர் பண்ணி, எந்தப் போத்தல் குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாடியிறங்கிப் போவார்களாம்.

இதில் முக்கியமான விசயம், ஒருவருடைய பிளான் தானாக உங்களிடம் வராது. நீங்கள்தான் அவருடைய பெயரை நினைத்து, எழுத்துக்கூட்டி அடித்துக் கேட்கவேண்டும். எங்கள் ஒழுங்கைகளில் கிடுகு வேலி இருந்த காலத்தில், அடுத்த வீட்டு மாமி வேலியில் உள்ள ஓட்டைக்குள்ளால், பொட்டு என்போம், தலையை நீட்டி “என்ன பிள்ளை, அடுப்பு மூட்டியாச்சோ?” என்று கேட்பா. மாமிக்கு அடுப்பில் என்ன அக்கறை? நாங்கள் எழும்பிவிட்டோமா, சுகமாக இருக்கிறோமா என்பதுதான் அவவுக்குத் தெரியவேண்டியது. பிங்கர் எனக்கு அந்தப் பொட்டுப்போலத்தான் இருந்தது. குளிர்காலத்தில், இரவு இரண்டு மணிக்கு, மொன்றியலில் படித்த நண்பனின் பெயரை அடிப்பேன். ‘மூன்று நிமிடமாகத் தொடவில்லை’ என்று வரும். அவனும் முழித்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும், பேசவும் தேவையில்லை, மனம் ஆறிவிடும்.

1995 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கிவர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தபோது என் அம்மாவும் அக்காவும் அதற்குள் நின்றார்கள். அப்போது குடாநாட்டில் கரண்ட் இல்லை, வீடுகளில் தொலைபேசி இல்லை. வவுனியா ஊடாகக் கொழும்புக்கு வந்து சேரும் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, சித்தப்பா கொழும்பில் இருந்து ரெலிபோன் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. மூன்று கிழமை ஒரு செய்தியும் இல்லை. அந்த மூன்று கிழமையும் என் பிளானில் ‘வீட்டில் இருந்து இன்னும் ஒன்றும் தெரியாது’ என்ற ஒரே வரிதான் கிடந்தது. பிறகு செய்தி வந்த அன்று இரவே போய் அதை அழித்துவிட்டு, ‘அம்மா கொடிகாமத்தில், சுகம்’ என்று எழுதினேன். தமிழைத்தான் எழுதினேன், ஆனால் ஆங்கில எழுத்தில், அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. பளை என்று எழுதினால் பாலை என்றும் வாசிக்கலாம், ஆகவே பக்கத்தில் ‘ஆனையிறவுக்கு இந்தப் பக்கம்’ என்று சேர்த்து எழுதுவேன். சித்தப்பா அடுத்தடுத்துச் சொன்ன எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாரையும், இன்னார் இந்தப் பள்ளிக்கூடத்தில், இன்னார் சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் என்று ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போனேன்.

யார் அதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றைய வட்ஸ்அப்போல, பார்த்தவர் பட்டியலை அது காட்டாது. அடுத்த வருசம் ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு தம்பி பந்தியால் எழும்பி வந்து, “அண்ணை, உங்கட பிளானைப் பார்த்துத்தான் எங்கட அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு அறிஞ்சனான், ஒவ்வொரு நாளும் விடிய உங்களைத்தான் பார்ப்பன்” என்றார். சொல்லிவிட்டுக் கையைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு நான் எழுதவில்லை. ஆனால் அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பிறகு பிங்கர் சேவையை ஒவ்வொரு கம்பஸாக நிறுத்தினார்கள். 1988 நவம்பரில் மொறிஸ் என்ற மாணவர் வெளியே விட்ட நிரல், பிங்கர் சேவையில் இருந்த ஓட்டை வழியாகவும் புகுந்து ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியதில் இருந்தே கணினி பராமரிப்பவர்களுக்கு அதில் பயம். யார் எப்போது உள்ளே இருக்கிறார் என்று ஊருலகத்துக்குக் காட்டுவதும் சரியில்லைத்தான், அதை நான் மறுக்கவில்லை. இன்றைய பிள்ளைகளும் அடுத்தவர் படத்தைக் கேட்காமல் போடுவது பிழை, அதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

ஆனால் ஸ்ரேற்றஸ் போடுவதே பிழை என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வட்ஸ்அப்பும் 2009இல் தொடங்கும்போது, நான் இப்போது வேலையில், பற்றரி முடிகிறது என்று ஆட்களுக்குச் சொல்லி வைக்கும் செயலியாகத்தான் தொடங்கியது, செய்தி அனுப்பும் வசதி பிறகு வந்தது. எங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? அக்காவின் மகள் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறா. காலமை தேத்தண்ணி குடிக்கும்போது அம்மா கேட்கிற முதல் கேள்வி “பிள்ளை என்ன போட்டிருக்கிறா?” என்பதுதான். போன கிழமை ஒருநாள் ஒரு கோப்பையின் படம், கீழே ‘இண்டைக்கும் பாணும் பருப்பும்’. அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு “அப்ப சாப்பிட்டிட்டா” என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் தந்தா. கடிதம் எழுதிய ஐயா கேட்ட கேள்விக்கு, ஊருக்கு எதற்கு என்று கேட்டாரே, அதற்கு அம்மாவின் அந்த ஒரு சொல்தான் என் பதில்.

என் மனக்குறை வேறு. வட்ஸ்அப்பில் போடுவது 24 மணித்தியாலத்தில் போய்விடுகிறது. எங்களுடையதும் போய்விட்டது. படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் கணக்கை மூடி, கோப்பு முழுவதையும் அழித்துவிட்டது, ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. இடம்பெயர்ந்த சனத்தைத் தேடி எங்கள் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் ஒஸ்ரேலியாவிலும் அந்தக் கறுப்புத் திரைகளில் என்ன எழுதினார்கள் என்பது எங்கள் வரலாறு. தொண்ணூறுகளில் அப்படி எழுதியவர்கள், அச்சடித்த தாளோ பழைய பிளொப்பி டிஸ்க்கோ அலுமாரியில் கிடந்தால் தயவுசெய்து எறியவேண்டாம். எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் 2005இல் இருந்து எண்ணிமமாக்கிப் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கேளுங்கள். ஊருக்கு விடுமுறையில் வருபவர்கள் கையோடு கொண்டுவந்தால் நல்லது.

என்னுடையதில் மிஞ்சியது ஒரே ஒரு தாள். மொன்றியல் நண்பன் அன்றைக்கே அச்சடித்து வைத்திருந்து, பல வருசம் கழித்துத் தபாலில் அனுப்பினது, இரண்டு கரையிலும் ஓட்டை வரிசை உள்ள பழைய தாள். மேலே 1995 நவம்பர் என்று திகதி. ‘அம்மா கொடிகாமத்தில், சுகம். அக்கா வரணியில். ஒழுங்கைக்காரர் ஆறு குடும்பம் சாவகச்சேரியில். வீமனைக் கட்டாமல் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தவையாம், வேறு ஒன்றும் தெரியாது.’ வீமன் எங்கள் நாய்.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகர் ஒருவர்