இங்கே தண்ணீரை வெளியேற்றக் குழாய் புதைக்கிறார்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை போனில் "அங்க மழை தண்ணியெல்லாம் எப்படிம்மா" என்று கேட்டீர்கள், நான் வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் பேசி முடிகிற விஷயமும் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள், நீளமாகத்தான் போகும்.

அமெரிக்காவில் இந்த அயோவா மாநிலம் என்றாலே குளிர் ஊர் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பாதிதான் சரி. எங்கள் மார்ஷல் கவுண்டியில் ஜனவரி ராத்திரி சாதாரணமாகவே மைனஸ் 12 டிகிரிக்குப் போகும், ஜூலை பகலில் 29, 30 அடிக்கும். நமக்கு வடக்கே இமயமலை சுவர் மாதிரி நிற்கிறது. இங்கே கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே ஒரு மலை கிடையாது. வடக்கிலிருந்து குளிர்காற்று, தெற்கிலிருந்து ஈரக்காற்று, இரண்டும் தடையில்லாமல் வந்து இந்த மக்காச்சோளக் காட்டுக்கு மேலேதான் முட்டிக்கொள்கின்றன. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் அரைக்கைச் சட்டை, ராத்திரி மறுபடி ஸ்வெட்டர் என்பதெல்லாம் ஏப்ரலில் சகஜம்.

மார்கழியில் நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு "என்னா பனி" என்பீர்களே, அதுவும் பனி, இங்கே வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கிடப்பதும் பனி என்றால் தமிழில் ஒரு சொல் போதவில்லை அப்பா. மாவு மாதிரி உதிர்கிற பனியைத் துடைப்பத்தாலேயே தள்ளிவிடலாம், ஈரப்பனி என்றால் ஒவ்வொரு மண்வெட்டிக்கும் இடுப்பு கழன்றுவிடும். ரோட்டில் கண்ணுக்கே தெரியாமல் கண்ணாடி போல உறைந்து கிடப்பது ஒன்று உண்டு, அதற்குத்தான் நான் உண்மையிலேயே பயப்படுவேன். பனி பெய்து முடிந்து வெயில் அடிக்கும்போதும் நிம்மதி கிடையாது, காற்று எழும்பினால் வயலில் கிடக்கிற பனி கிளம்பி ரோட்டை மூடிவிடும், முன்னால் போகிற வண்டி தெரியாது. அதற்காக ரோட்டோரம் சில வரிசை மக்காச்சோளத்தை அறுக்காமலே விட்டு வைக்கிறார்கள், வேலி மாதிரி நின்று அது பனியைத் தடுத்துக்கொள்ளும். அதற்கு மாநில நெடுஞ்சாலைத் துறை விவசாயிக்குப் பணமும் கொடுக்கிறது.

வந்த முதல் வருஷம் ஒரு கூத்து. கார் கண்ணாடியில் உறைபனி ஒட்டியிருந்தது, வேலைக்கு நேரமாகிவிட்டது, ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு சொம்பு வெந்நீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். டிக் என்று ஒரு சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல், என் கண் முன்னாலேயே மெதுவாக ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொம்பை மட்டும் வாங்கி உள்ளே வைத்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்குமே, இங்கே அப்படியில்லை, மே, ஜூனில்தான் அதிகம், பயிர் கேட்கிற நேரத்தில் வருகிறது. பெரும்பாலான வயலுக்குப் பாசனமே கிடையாது, வாய்க்காலும் இல்லை, மோட்டாரும் இல்லை. இதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்கிறேன். இங்கே விவசாயிகளுக்குத் தண்ணீர் கூடிப்போவதுதான் தலைவலி. நிலத்துக்கு அடியில் மூன்று நாலு அடி ஆழத்தில் குழாய்களை வரிசை வரிசையாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் சுட்ட மண்குழாய், இப்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக். வேர் அழுகாமல் இருக்க மண்ணில் தேங்குகிற நீரை அது ஓடைக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து அயோவா ஆறு, அப்புறம் மிசிசிப்பி. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒரு குழாய் வாயைக் காட்டினார், பனி உருகுகிற மார்ச் மாதத்தில் தண்ணீர் கொடகொடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கடைமடையில் தண்ணிக்கு நீங்கள் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்கு வயிறு எரிந்தது.

மண் என்ன நிறம் தெரியுமா, ஈரத்தில் மையைக் கொட்டிய மாதிரி.

ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் நம் ஊரையே தோற்கடிக்கும். மக்காச்சோளம் வியர்க்கிறது என்பார்கள். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன், ஆனால் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் வரை தண்ணீரை ஆவியாக விடுமாம். நான்கு பக்கமும் அதுவே நின்றால் எப்படி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றிச் சொன்னால் அம்மா தூங்க மாட்டாள், இந்தப் பத்தியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள். 2018 ஜூலை 19 அன்று மார்ஷல்டவுனில் டொர்னாடோ என்கிற சுழல்காற்று புகுந்து நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தை உடைத்துப் போட்டது. அதே வருஷம் நவம்பரில்தான் நமக்குக் கஜா. 2020 ஆகஸ்ட் 10 அன்று வந்தது வேறு ஜாதி, சுழலாமல் நேர்கோட்டில் அடித்துத் தள்ளுகிற காற்று, பெயர் டெரேச்சோ, ஸ்பானிஷில் நேர் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்ததே 1888இல் இந்த அயோவாவில் இருந்த ஹின்ரிக்ஸ் என்ற பேராசிரியர்தான். எங்கள் பக்கம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததாம். நாங்கள் அப்போது இங்கே வரவில்லை. பெரியவரின் தானியக் குதிர், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு இருக்கும் தகர உருளை, காலி டப்பாவை மிதித்த மாதிரி நசுங்கியதைப் போட்டோவில் காட்டினார். நான் என் போனில் நம் தோப்பைக் காட்டினேன், கஜாவுக்கு மறுநாள் காலையில் எடுத்தது. மனிதர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷமாகும் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அடுத்த வருஷமே மறுபடி விதைத்தாயிற்று.

சைரன் ஊதினால் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கீழே உள்ள அறைக்குப் போய்விடுவோம், அங்கே டார்ச், தண்ணீர், அவனுக்கு முறுக்கு எல்லாம் தயார். போன ஜூனில் இரண்டு தடவை போனோம், இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மார்ச் கடைசி. பெரியவர் கறி வேகிறதா என்று பார்க்கும் தெர்மாமீட்டரை மண்ணில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு அலைகிறார். மண் 10 டிகிரிக்கு வந்தால்தான் மக்காச்சோளம் விதைப்பாராம், இன்னும் வரவில்லை. ஜூன் 12இல் ஒரு அணையைத் திறந்தால்தான் எங்கள் அப்பா குறுவை போட முடியும் என்றேன், இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அணையா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். இந்த வருஷம் மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது, தேதிக்குத் திறப்பார்களா என்று விசாரித்து எழுதுங்கள். பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்