செயலாளரின் ஆண்டறிக்கை: வெளிச்சம் வேண்டாத முருகைகள்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கடல்நீர் மீன்தொட்டிச் சங்கத்தின் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. மாரி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது சூரிய முருகை என்ற பவளம்தான், அதற்கே வருகிறேன்.

"லைட் செலவு இல்லை" என்று சொல்லித்தான் நம்மில் பலர் அதை வாங்கினோம். தொட்டியில் வளரும் மற்ற முருகைகள் பலவற்றின் தசைக்குள் நுண்பாசி இருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கும். டுபாஸ்ட்ரியா எனப்படும் இதற்கு அந்தப் பாசி இல்லை. கடலில் குகை வாயிலும் பாறை இடுக்கிலும் ஒட்டியிருந்து, நீரோட்டம் கொண்டுவருவதைப் பிடித்துத் தின்னும். தொட்டியில் கொண்டுவந்து கொடுப்பது நாம்தான். கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்த காசு தீனிக்கும் உப்புக்கும் போய்விட்டது.

செய்முறை விளக்கம் ஓர் இரவு எங்கள் வீட்டில் நடந்தது. லைட்டை அணைத்து, பம்பை நிறுத்தி, உறையவைத்த மைசிஸ் என்ற குட்டி றால் உருகிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. செம்மஞ்சள் மொட்டுகள் மூடியே கிடந்தன. ஒருவர் கொட்டாவி விட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக மஞ்சள் விரல்கள் நீண்டன. அடி வெட்டிய சோடாப் போத்தலை அதன்மேல் மூடி, போத்தல் வாய் வழியே பிப்பெற்றால் ஊட்டினோம். மூடாவிட்டால் தொட்டியில் நிற்கும் றால் வந்து வாயில் இருப்பதையே பிடுங்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே, வாரத்தில் இரண்டு மூன்று தரம் கொடுக்க வேண்டும். வாய்களுக்கு இடையில் தசை வற்றி வெள்ளைக் கல் தெரிந்தால் அது பட்டினி கிடக்கிறது.

ஊட்டுவதைவிடப் பெரிய வேலை தண்ணீர். மிஞ்சிய தீனி அழுக, நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஏறும். அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரும் வாராந்தத் தண்ணீர் மாற்றமும் இல்லாமல் முடியாது. யாழ் குடாநாட்டுச் சுண்ணக்கல் கிணறுகள் பலவற்றில் தோட்டப் பசளையால் நைத்திரேற்று ஏற்கெனவே அதிகம். அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டு, பாசி பிடிக்கிறது என்று எனக்குப் போன் எடுப்பவர்கள் முதலில் ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீருக்கு மாறவும்.

ஒரு கடையில் டென்ட்ரோநெப்தியா என்ற மென்முருகையையும் "இதுவும் அப்படித்தான்" என்று விற்றார்கள். மூவர் வாங்கினோம். பூங்கொத்து மாதிரி அழகு, ஆனால் றாலைத் தொடாது. அதற்கு மிதக்கும் நுண்பாசி போன்ற பொடி உணவு இடைவிடாமல் வேண்டும். என்னுடையது இரண்டு மாதத்தில் சுருங்கிக் கரைந்தது. மற்ற இரண்டும் அதற்கு முந்தியே போயின. இனி யாரும் வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

கடையில் வாங்காமல் கடற்கரையில் முருகையை உடைத்து எடுத்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கல் முருகைகள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, சங்கத்தின் உப்புமானியை எடுத்துச் சென்றவர் மண்டப வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். யாரென்று கேட்கமாட்டோம்.

நன்றி.
செயலாளர்