நடனப் போட்டி சீசன்: இப்போதே முடிக்க வேண்டியவை

பெற்றோர் கவனத்துக்கு,

ஒரு பிள்ளைக்கு சீசனுக்கு 3 போட்டி போதும். நடுவில் குறைந்தது 2 வாரம் இடைவெளி விடுவோம். நான்காவதைச் சேர்த்தால் கணுக்கால் வலிதான் மிச்சம்.

பாட்டை 6 வாரம் முன்பே வெட்டி முடிக்கணும். விதி 4 நிமிடம் என்றால் 3:50-இல் நிறுத்துங்கள். பிறகு கை வைக்கவே கூடாது, பிள்ளைகளுக்கு எண்ணிக்கை தவறிவிடும். 2 பென்டிரைவில் ஏற்றி, பெயர் ஒட்டிக் கொடுங்கள். ஃபோனை நம்ப வேண்டாம். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும்.

உடையை 10 நாள் முன்பே போட்டு முழு ஆட்டமும் ஆடிப் பார்க்கணும். நிற்கும்போது கச்சிதமாகத்தான் தெரியும். முழங்கால் மடித்துத் தாழ்ந்ததும் இடுப்புக் கொக்கி தெறிக்கும். பையில் 20 ஊக்கு, ஊசி, அதே நிற நூல்.

முந்தைய நாள் வகுப்பு கிடையாது. தூங்கட்டும்.