கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி-கேரள எல்லைக் கடற்கரையில், தூத்தூர் முதல் பொழியூர் வரை கால்பந்துதான் மூச்சு. ஆனால் பந்து கையில் உரசினாலே 'பெனால்டி' என்று நடுவரைச் சூழ்ந்துகொள்வது சரியல்ல. தவறுகளைச் சொல்லும் கால்பந்து விதி 12-இன்படி அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழேதான் கை. தோளில் பட்டால் குற்றமில்லை. வேண்டுமென்றே தொட்டாரா, கையை விரித்து உடலை இயல்புக்கு மாறாக அகலப்படுத்தினாரா என்றே நடுவர் பார்க்கிறார். ஓரடி தூரத்திலிருந்து உதைத்த பந்து, விலாவோடு ஒட்டிய கையில் பட்டால் என்ன செய்ய முடியும்?

கோலடித்தவர் கையிலேயே பட்டு உடனே கோலானால், தற்செயலானாலும் செல்லாது. சக வீரர் கையில் தற்செயலாகப் பட்டு வந்த பந்தை வேறொருவர் கோலாக்கினால் 2021 முதல் செல்லும். பலர் இன்னும் பழைய விதியைச் சொல்லியே சண்டை பிடிக்கிறார்கள். வீடியோ நடுவர் இல்லாத நம் மைதானங்களில், டாஸுக்கு முன் இரு கேப்டன்களிடமும் இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

- வாசகர், நித்திரவிளை