பென்சிலால் தேதி எழுதிய முட்டைகள்

திருத்துறைப்பூண்டி
ஏப்ரல் 22

அன்புள்ள தனம்,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்கள் நலம். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகளில் நான்கு இந்த வருடம் பாளை விட்டிருக்கின்றன. காலையில் அவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தால்தான் இவருக்குக் காப்பி இறங்குகிறது.

கெட்டுப்போன ஒன்பது முட்டைகளைப் பற்றித்தான் உன் கடிதத்தில் பாதி. மருமகள் அழுதாள் என்று படித்தபோது எனக்கே தொண்டையை அடைத்தது. பதினான்கு கோழிகளைத் தீனி போட்டு, நாய்க்கும் கீரிக்கும் காவல் காத்து வளர்க்கிறவளுக்கு, உடைத்த முட்டை நாறினால் வயிறு எரியத்தானே செய்யும்? குளிர்சாதனப் பெட்டி பழுதாகிக் கிடப்பதால்தான் இப்படி என்று நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "தினமும் சுத்தமாகக் கழுவித் துடைத்துத்தான் கூடையில் வைக்கிறாள்." அந்த இடத்தில்தான் என் கண் நின்றது.

நாளைக் காலையில் அவளை ஒன்று செய்யச் சொல். கோழி கேறத் தொடங்கியதும் ஓடிப்போய் அப்போதே முட்டையைக் கையில் எடுக்கட்டும். ஓட்டின் மேல் ஈரமாக ஒரு பளபளப்பு இருக்கும். கண் எதிரிலேயே அது காய்ந்து மங்கிவிடும். அந்த மங்கிய பூச்சுதான் முட்டைக்குக் காவல். ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. உள்ளே வளரப்போகும் குஞ்சு மூச்சுவிட இயற்கை வைத்த வழி அது. அழுக்கும் கிருமியும் அந்த வழியே நுழையாமல் தடுப்பது இந்தப் பூச்சு. கழுவினால் அது போய்விடும். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் மேலிருந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் சுத்தம் பார்த்துச் செய்த வேலையே முட்டைக்கு எதிரியாகிவிட்டது. திட்டிவிடாதே, தனம். நமக்கும் இதை யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியாலோ தேங்காய் நாராலோ மெதுவாகத் தேய்த்துவிட்டால் போதும். மிகவும் அழுக்கான முட்டையை, அடித்துச் சமைக்கும் அன்றைக்குக் கழுவிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகள் சொல்வாள்: அங்கே கடை முட்டைகளைக் கழுவித்தான் விற்கிறார்கள், அதனாலேயே கடையிலும் வீட்டிலும் குளிரில் வைத்தாக வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவுவதில்லை, முட்டை வெளியே சாதாரண அலமாரியில் இருக்கிறது.

நம் சத்துணவுக் கூடம் ஞாபகம் வருகிறது. 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று தொடங்கியபோது பெரிய கவலை இருக்கவில்லை. வந்த அன்றே அவித்துக் கொடுத்துவிடுவோம். 2010-ல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்று ஆனபோதுதான் நமக்குத் தலைவலி பிடித்தது. என்னிடம் 140 பிள்ளைகள். வாரத்துக்கு 700 முட்டை, 24 அட்டை. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து இறங்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே போவது? பொருள் வைக்கும் அறையோ தகரக் கூரை. மார்ச் மாதத்தில் மதியம் உள்ளே நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். அட்டைகளை அங்கிருந்து எடுத்து, வடக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டடத்தில் சிமெண்டுத் தரையோடு தரையாக வைக்கத் தொடங்கினேன். கூர்முனை கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்போம். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும், காற்றறைப் பக்கம் போய் ஒட்டாது. சமையலர் அக்கா முதலில் "இதென்ன பொம்மை விளையாட்டு?" என்றார். ஒரு மாதத்தில் அவரே மற்ற மையங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஒருமுறை மழையில் நனைந்து, பாதி விரிசலோடு அட்டைகள் வந்து இறங்கின. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் வண்டிக்காரரிடம் மன்றாடியது உனக்குத் தெரியும். அன்றைக்கு என் கோபம் முட்டைக்காக அல்ல. ஒரு முட்டை கெட்டால் ஒரு பிள்ளைக்கு அன்று முட்டை இல்லை. ஈடு செய்ய என்னிடம் வேறொன்றும் கிடையாது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வெள்ளைக்கருவைச் சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டு, மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே சோறு முழுவதையும் முடிப்பான். கடைசி வாய் மஞ்சள் கரு. அவனைப் பார்த்த பிறகு முட்டையை எண்ணிக்கையாகப் பார்க்க எனக்கு வரவில்லை.

கஜா எனக்கு இன்னொன்றைக் கற்றுக் கொடுத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர நான்கு வாரம் ஆனது. எதிர்வீட்டில் புயலுக்கு முன்பே இரண்டு அட்டை முட்டை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனதும் வெளியே எடுத்தார்கள். குளிர்ந்த ஓட்டின் மேல் ஈரக்காற்று பட்டு முத்து முத்தாக வியர்த்தது. அந்த ஈரமே கிருமிக்குப் பாலம். ஒரு வாரத்தில் ஓட்டில் கரும்புள்ளிகள் விழுந்து நாற்றம் எடுத்தது. எங்கள் வீட்டில் புயலுக்கு முந்தைய நாட்களில் எடுத்த 23 முட்டைகள், கழுவாமல், மூங்கில் கூடையில் காய்ந்த உமிக்குள் இருந்தன. இரண்டரை வாரம் அவற்றை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தோம். ஒன்றுகூடப் பழுதில்லை. ஒருமுறை குளிரில் வைத்த முட்டையைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வெளியே இருக்கும் முட்டை ஒரே சீராக, காய்ந்த நிழலில் இருக்க வேண்டும். வெயிலும் குளிருமாக மாறி மாறி அலைக்கழிப்பதுதான் கெடுதல்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். கரூர் பரமத்தி வெயிலைத் தொலைக்காட்சிச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். அந்த வெயிலில் கோழி உட்காராமலே கரு அசையத் தொடங்கிவிடும். ஆகவே, கூட்டத்தில் சேவல் இருந்தால் முட்டை தாங்காது. குஞ்சு பொரிக்க வேண்டிய கோழிகளை மட்டும் சேவலோடு விட்டுவிட்டு, மற்றவற்றைப் பிரித்து அடையுங்கள். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை கரு பிடித்த முட்டை வரும், பொறுத்துக்கொள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை முட்டைகளை எடுத்துவிட வேண்டும். சந்தேகமான முட்டையை இருட்டில் டார்ச் விளக்கின் மேல் வைத்துப் பார். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் அது சமையலுக்கு ஆகாது.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது, எனக்கு இல்லாதது: உன் ஊர்க் காற்று காய்ந்த காற்று. வாய் அகன்ற மண்பானையில் நான்கு விரல் உயரம் ஆற்று மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, சுற்றிலும் மணலை நிரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளி. ஈரம் ஆவியாகும்போது உள்பானை குளிரும். முட்டையை உள்பானையில் துணி விரித்து வை; முட்டை நனையக் கூடாது. பானையை நிழலில், காற்று அடிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். நான் ஐப்பசியில் இங்கே இதைச் செய்து பார்த்தேன். காற்றே ஈரமாக இருக்கும்போது பானை எப்படிக் குளிரும்? துணியில் பூசணம் பிடித்ததுதான் மிச்சம்.

அதோடு எண்ணெய். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து வைப்போமே, என் அம்மா அதே கையோடு முட்டைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டுத் தேய்த்து, முட்டையை ஒருமுறை உருட்டினால் போதும். துளைகள் அடைபட்டு, உள்ளிருக்கும் ஈரமும் வாயுவும் வெளியேறுவது குறையும். இட்ட அன்றே தடவினால்தான் பலன். நான்கு நாள் கழித்துத் தடவினால் போனது போனதுதான்.

சுண்ணாம்பு வழியும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் முட்டைகளை ஓர் இரவு மூழ்க வைத்து, எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். போன மாசி மாதம் அப்படிச் செய்த முட்டைகள் எனக்கு மூன்று வாரம் தாங்கின. அவிக்கும்போது மட்டும் அகன்ற முனையில் ஊசியால் ஒரு குத்துக் குத்திக்கொள், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் ஓடு வெடிக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்; வீட்டில் சின்னப் பேரன் இருக்கிறான்.

வாளித் தண்ணீர்ச் சோதனை உனக்கு மறந்திருக்காது. படுத்தால் புதிது, நிமிர்ந்து நின்றால் உடனே சமைக்க வேண்டியது, மிதந்தால் தென்னைமரத்தடிக்கு. ஆனால் அது வயதைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லாது. ஆகவே, பழைய முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே மாவிலோ குழம்பிலோ சேர்க்க வேண்டும், அரைவேக்காடு வேண்டாம். அண்ணனுக்கும் பேரனுக்கும் நன்றாக வேகவைத்தே கொடு.

மருமகளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடு. எடுத்த தேதியை ஓட்டிலேயே எழுதட்டும், மை வேண்டாம். பழையதை முன்னால், புதியதைப் பின்னால் வைத்தால் எதை முதலில் எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது. பத்து நாள் கழித்து எத்தனை தாங்கின, எத்தனை மிதந்தன என்று அவளையே எனக்கு எழுதச் சொல். வைகாசியில் கரூர் வரும்போது மாங்காய் ஊறுகாயும் உமி ஒரு மூட்டையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா